குண்டனின் சம்மதம்

காரவள்ளிவரை லாரியில் வந்த அந்தப் பாய்லர் அதற்குமேல் மனிதத் தோளில் வந்தது. யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் அது. கொல்லிமலைக்கு ஏற அப்போது ஒற்றையடிப் பாதைதான். மலைமேல் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. பெரக்கரை நாட்டு ஆட்கள் அதைப் பச்சை மூங்கிலில் கட்டித் தூக்கி, மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் இறக்கி வைத்து, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மேலே கொண்டுவந்து சேர்த்தார்கள். திட்டிய திட்டில் ஒரு பெயரும் ஒட்டிக்கொண்டது. குட்டையாக, தொப்பையைத் தள்ளிக்கொண்டு, தலையில் ஒரு புகைக்குழாயோடு நின்ற அதற்குக் குண்டன் என்ற பெயர் பொருந்தாமல் போகுமா என்ன?

வாங்கியவர் ராசிபுரத்து மாணிக்கம். மலைச்சரிவில் விளையும் வாசனைப்புல்லை வேகவைத்துத் தைலம் இறக்கி விற்பது அவர் தொழில். அதற்கு விறகு வேண்டும். விறகுக்குக் காட்டைத் தொடக்கூடாது என்று சர்க்கார் கெடுபிடி. பேர்பெற்ற கம்பெனிப் பாய்லரை விசாரித்தால் அதன் கனத்துக்கு யானைதான் வரவேண்டும், விலையோ அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. அந்தச் சமயத்தில்தான் கீழ்நாட்டில் யாரோ ஒரு பட்டறைக்காரன் குருடாயில் எண்ணெயில் எரிகிற சின்னப் பாய்லர்களை மலிவாகச் செய்து தள்ளுகிறான் என்று கேள்விப்பட்டார். விறகு வேண்டாம், செங்கல் அடுப்பு வேண்டாம், ஒரு மூலையில் நிறுத்தினால் போதும். ஒன்றை வாங்கி ஓட்டிப் பார்ப்பது, நம்பலாம் என்று தெரிந்தால் இன்னும் மூன்று வாங்குவது என்று முடிவு செய்தார். மலிவாகக் கிடைத்ததை நம்புவதற்கு மனிதனுக்குத்தான் எத்தனை ஆசை!

குண்டனைப் பார்த்துக்கொள்ளும் வேலை முத்தனுக்குக் கிடைத்தது. சாமையும் தினையும் விதைத்துக்கொண்டிருந்தவன் ஒரே நாளில் காக்கி நிஜாருக்குள் புகுந்தான். அதற்கப்புறம் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் அவனை டிரைவர் என்று கூப்பிட்டார்கள். குண்டன் இருந்த இடத்தைவிட்டு ஒரு சாண்கூட நகராது என்பதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. முத்தனுக்கு அறவே இல்லை.

அவன் பெண்டாட்டி மயிலம்மாளுக்கும் அதே கொட்டகையில்தான் வேலை. குண்டனிலிருந்து வரும் நீராவி செப்புப் பானைகளுக்குள் போகும். பானைகளில் புல்லைத் திணித்து மிதிப்பது பெண்களின் வேலை. மிதித்துக்கொண்டே அவள் குண்டனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். புருஷன் அதன் வயிற்றுக் கதவைத் திறந்து குனிந்து பார்க்கும்போதெல்லாம் அவள் கால் நின்றுவிடும். அவன் நிமிர்ந்த பிறகுதான் மறுபடி மிதிப்பாள். அவளுக்கு அவன்மேல் கோபம் வரும், சிரிப்பும் வரும், ஆனால் அவன் இல்லாமல் ஒரு பொழுதைக்கூட அவளால் நினைத்துப் பார்க்க முடியாது. அவள் பயமெல்லாம் அந்த ஒருவனைப் பற்றித்தான்.

வெள்ளோட்டத்தைப் பார்த்துச் சொல்ல முள்ளுக்குறிச்சியிலிருந்து ஃபிட்டர் அர்த்தனாரி வந்தார். அரிசி ஆலைகளில் பாய்லரோடு பழகியவர், அதிகம் பேசாதவர். சில நாட்கள் குண்டனைச் சுற்றிச் சுற்றி வந்தார். தகட்டைத் தட்டிப் பார்த்தார். ஆணி அடித்த மூட்டுகளை விரலால் தடவினார். பிறகு முத்தனைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தார். கூப்பிடாமலே மயிலம்மாளும் போய் நின்றாள்.

"இத பாரு முத்தா. மேல தொட்டியிலிருந்து எண்ணெ சொட்டுது. கீழ தீ இருக்கற வரைக்கும் விழுக விழுக எரிஞ்சு போயிரும். தீ அணைஞ்சு போச்சுன்னு வெச்சுக்க, எண்ணெ நிக்காது. அது பாட்டுக்குச் சொட்டும். உள்ள இருக்கற சூட்டுல ஆவியாயி ரொம்பி நிக்கும். அப்புறம் ஒரு பொறி கெடச்சாப் போதும், அத்தனையும் ஒண்ணாப் பத்தும். கொஞ்சமா ரொம்பியிருந்தா ஒரு குலுங்கு குலுங்கும்."

"நெறைய ரொம்பியிருந்தா என்னாகுங்க?" என்று மயிலம்மாள் கேட்டாள்.

"பக்கத்துல நிக்கறவங்க வந்து சொல்றதுக்கு இருக்க மாட்டாங்க அம்மிணி." அர்த்தனாரி புகைக்குழாயைக் காட்டினார். "கரும்புகை வந்தா பயமில்ல. வெள்ளப் புகை தள்ளுச்சுன்னா தீ அணைஞ்சிருக்குதுன்னு அர்த்தம். மொதல்ல எண்ணெத் திருகை மூடோணும். மூட முடியலீன்னா ஓடிரோணும்."

மாணிக்கத்திடமும் அவர் ஒளிக்கவில்லை. "இது ஆகாதுங்க. தகடு மெலிசு, மூட்டுல வலுவில்ல. தீ அணைஞ்சா எண்ணெ தானா நிக்கறதுக்கு ஒரு வழி வெச்சிருக்கோணும். அந்தச் செலவைத்தான் பட்டறைக்காரன் மிச்சம் புடிச்சிருக்கறான். ஓடற வரைக்கும் ஓடும். ஓடாத அன்னிக்கு ஆளைக் கொண்டுட்டுப் போயிரும்" என்று சொல்லிவிட்டு மலை இறங்கிவிட்டார்.

மாணிக்கத்தின் முகம் சுண்டிப் போயிற்று. நம்பலாமா என்று கேட்டுவிட்டு, நம்பக்கூடாது என்ற பதில் வந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? அதற்குள் ஃபிட்டர் சொன்னது பெண்கள் காதில் விழுந்து, மறுநாள் பாதிப் பேர் கொட்டகைக்கு வரவில்லை. மயிலம்மாளின் கூட்டாளி குப்பாயி, தனக்கு ஐந்து பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். அறுத்துக் குவித்த புல் வெயிலில் கருகிக்கொண்டிருந்தது.

அப்போது வழி சொன்னவர் ஊர்க்கவுண்டர் வெள்ளையன். கெட்ட மனிதர் இல்லை. ஊருக்கு நல்லது நினைப்பவர்தான். "ஃபிட்டருக்குத் தெரிஞ்சது ஃபிட்டரு சொன்னாரு. நம்ம வழக்கத்துல ஒண்ணு இருக்குதல்லங்க மொதலாளி? சாமி கிட்டக் கேட்டுருவோம். குண்டன் துலுக்கட்டும். துலுக்குனா வேல செய்யறோம். துலுக்கலீன்னா நீங்க இதைக் கீழ கொண்டுட்டுப் போயிருங்க" என்றார்.

மலையில் கிடா வெட்டுவதற்கு முன்னால் சாமியிடம் உத்தரவு கேட்பார்கள். மஞ்சள் தண்ணீரைக் கிடாயின் முதுகில் ஊற்றிவிட்டுக் காத்து நிற்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் துலுக்கிவிட்டது, சாமி சம்மதம் கொடுத்துவிட்டது. துலுக்காவிட்டால் மறுபடி தண்ணீர் ஊற்றலாம், வேண்டலாம், கெஞ்சலாம். கிடாயை மட்டும் யாரும் விரலால்கூடத் தொடக்கூடாது. தொட்டு வாங்கிய சம்மதம் சம்மதம் இல்லை. அந்த வழக்கத்தைத் தகரமும் ஆணியுமான ஒரு சாமானிடம் கொண்டுபோய் நிறுத்த வெள்ளையனுக்குத் தோன்றியது. மாணிக்கம் முதலில் சிரித்தார். பிறகு கருகும் புல்லைப் பார்த்தார். சரி என்றார்.

ஊரே கொட்டகையில் கூடியது. குண்டனுக்குத் திருநீறு பூசி, கழுத்தில் அரளி மாலை போட்டார்கள். வயிற்றில் தீ எரிந்துகொண்டிருந்தது. பூசாரி வேண்டிக்கொண்டு ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினார். தண்ணீர் தொப்பை வழியாக இறங்கி, காற்றுப் போகும் துவாரத்துக்குள் புகுந்தது. தீ அணைந்தது. துலுக்காது, துலுக்கவே துலுக்காது என்று மயிலம்மாள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். தகரத்துக்குச் சிலிர்க்கத் தெரியுமா? இன்றோடு இது மலை இறங்கிவிடும், முத்தன் மறுபடி சாமைக்காட்டுக்கு வந்துவிடுவான்.

உள்ளே தொம் என்று ஒரு சத்தம். குண்டன் அடிமுதல் தலைவரை ஒரு உதறு உதறியது. அரளி மாலை ஆடியது.

"துலுக்கிருச்சு! துலுக்கிருச்சு!"

கும்பிட்டவர்கள் கும்பிட்டார்கள், அழுதவர்கள் அழுதார்கள். குப்பாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கிடாகூட இவ்வளவு தெளிவாகத் துலுக்கியதில்லை என்று பூசாரி சொன்னார். அணைந்த தீயில் விழுந்த எண்ணெய் ஒன்றாகப் பற்றியதை அத்தனை பேரும் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, சாமியின் வாக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். மயிலம்மாள் மட்டும் கை கூப்பவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் கேட்டாள். "ஏனுங்க, ஃபிட்டரு சொன்னதுதானுங்க நடந்துச்சு? தீ அணைஞ்சு, அப்புறம் பத்துச்சு."

முத்தன் நடையை நிறுத்தவில்லை. "சாமி சொன்னதுக்கு அப்புறம் ஃபிட்டரு எதுக்கு?"

"நீங்களும் பக்கத்துல உக்காந்துதான கேட்டீங்க?"

"வாய மூடிக்கிட்டு வா புள்ள."

அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு நடந்தான், அவ்வளவுதான். நிஜாரைக் கழற்றிவிட்டு மறுபடி களைக்கொத்தைத் தூக்க அவனுக்கு மனசு வரவில்லை.

ஒரு தடவையோடு விட்டிருந்தால்கூட ஒருவேளை தப்பித்திருக்கலாம். ஆனால் சம்மதத்தின் ருசி கண்டவர்கள் தினமும் கேட்கத் தொடங்கினார்கள். காலையில் தீ மூட்டியதும் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர், உடனே தொம், ஒரு துலுக்கு, பிறகு வேலை. பெண்கள் சிரித்துக்கொண்டே பானைகளில் இறங்கினார்கள். துலுக்குக்கும் துலுக்குக்கும் நடுவே குண்டனின் மூட்டுகள் விலகிக்கொண்டே வந்தன. ஆணி வரிசையில் ஓரிடத்தில் ஈரம் கசிந்து, உப்புப் பூத்ததுபோல வெள்ளையாகப் படிந்தது. மயிலம்மாள் அதை முத்தனிடம் காட்டினாள். அவன் அதன்மேல் கொஞ்சம் சந்தனத்தைக் குழைத்து அப்பினான். மறுநாள் சந்தனமும் நனைந்திருந்தது. அவன் இன்னும் கொஞ்சம் அப்பினான்.

மழைக்காலம் நெருங்கியது. மற்ற மூன்று பாய்லர்களை வாங்குவதற்கு முன்னால், அக்கம்பக்கத்து நாடுகளின் கவுண்டர்களை அழைத்து வந்து காட்டிவிடுவது என்று மாணிக்கம் தீர்மானித்தார். அவர்கள் சம்மதித்தால் அந்த நாடுகளின் புல்லும் அவருக்கே வரும். விருந்தாளிகளைக் காக்க வைக்கக்கூடாது என்பதற்காக முத்தன் அன்றைக்கு விடியும் முன்பே தீ மூட்டிவிட்டான். எல்லோரும் வந்து சேர்ந்தபோது குண்டனுக்குள் தண்ணீர் கொதித்து, நீராவி முட்டிக்கொண்டு நின்றது.

பெரிய மனிதர்கள் வந்திருக்கிறார்கள், சொம்பு எப்படிப் போதும்? பூசாரி ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அப்படியே கவிழ்த்தார். மழைக்கூதலில் கனத்திருந்த காற்று கொட்டகைக்குள் அசையவில்லை. எல்லோரும் கை கூப்பி நின்றார்கள்.

தொம் என்ற சத்தம் வரவில்லை.

கவுண்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாணிக்கம் தொண்டையைக் கனைத்தார். பூசாரி கண்ணை மூடி வேண்டிவிட்டு இன்னொரு குடத்தையும் ஊற்றினார். அப்போதும் சத்தம் இல்லை. மேலே தொட்டியில் மட்டும் எண்ணெய் இறங்கிக்கொண்டிருந்தது.

மயிலம்மாள் தலையை உயர்த்திப் புகைக்குழாயைப் பார்த்தாள். வெள்ளைப் புகை. பால் பொங்குவதுபோலத் திரண்டு, கூரைக்குமேல் போக முடியாமல் மடங்கிக் கீழே வந்துகொண்டிருந்தது.

"எண்ணெயை மூடுங்க!" என்று கத்திவிட்டாள்.

கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்துச் சீறியது. "சாமி கிட்டக் கேக்கும்போது பேசக்கூடாதுன்னு தெரியாது உனக்கு?" என்றார் வெள்ளையன். முத்தனின் கண் ஒரு கணம் எண்ணெய்த் திருகுக்குப் போனது. அவன் கை நீளவில்லை. துலுக்கும் வரை தொடக்கூடாது. இத்தனை நாட்டுக் கவுண்டர்களுக்கு முன்னால், சாமி பேசவிருக்கும் நேரத்தில், எந்த மலைக்காரன் தொடுவான்? தொடாமலே என்ன ஆயிற்று என்று பார்க்க அவன் குண்டனின் பக்கத்தில் போய்க் குனிந்தான். அவன் முகம் வயிற்றுக் கதவுக்கு நேராக இருந்தது. அவனைப் பார்த்து மற்றவர்களும் இன்னும் நெருங்கி வந்தார்கள். குப்பாயி முதல் வரிசையில் நின்றாள்.

வெடிக்கும் என்று சொன்னால் யாரும் நகர மாட்டார்கள் என்று மயிலம்மாளுக்குத் தெரிந்துபோயிற்று. சாமியிடம் கேட்கும்போது ஊரை நகர வைக்கக்கூடியது மலையில் ஒன்றே ஒன்றுதான். அவள் அதைச் சொன்னாள்.

"நான் ஊட்டுக்குத் தூரம்! தூரமாயிட்டேன்! இங்கியே நிக்கறேன்!"

 கொட்டகை கலைந்தது. தீட்டுப்பட்ட பெண் ஒருத்தி சாமி காரியத்தின் நடுவில் நிற்கிறாள் என்றதும் பூசாரி குடத்தைப் போட்டுவிட்டு வெளியே பாய்ந்தார். கவுண்டர்கள் துண்டை உதறிக்கொண்டு ஓடினார்கள். பெண்கள் அவளைத் தொட்டுவிடாமல் சுவரோரமாக ஒதுங்கி வெளியே போனார்கள். மாணிக்கம் எதுவும் புரியாமல், எல்லோரும் போகிறார்களே என்று தானும் போனார். முத்தன் மட்டும் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்த முகத்தை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. அவன் கையை ஓங்கிக்கொண்டு அவளை நோக்கி வந்தான். அவள் பின்வாங்கினாள், வாசலைத் தாண்டினாள், புல்குவியலைத் தாண்டி ஓடினாள். அடி, அடிப்பதற்காகவாவது என் பின்னால் வா என்று அவனைப் பார்த்துக்கொண்டே ஓடினாள். அவன் துரத்தினான்.

அவன் கை அவள் தலைமுடியைப் பிடித்த நேரத்தில் குண்டன் வெடித்தது.

கூரை எழும்பி விழுந்தது. கொதிநீரும் ஆவியும் வாசல் வழியாக அடித்துக்கொண்டு வந்தன. செப்புப் பானை ஒன்று நசுங்கிப் பலாமரத்தின் அடியில் போய்க் கிடந்தது. முத்தன் நின்றிருந்த இடத்துச் சுவரைக் காணவில்லை. புழுதி அடங்கியபோது எல்லோரும் ஒருவரை ஒருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. முத்தன் மண்ணில் உட்கார்ந்திருந்தான். மயிலம்மாள் அவன் முகத்தை, தோளை, கையைத் தடவித் தடவிப் பார்த்து வாய்விட்டு அழுதாள். உயிரோடு இருக்கிறான், போதும், இனிமேல் அந்தப் பாழாய்ப்போன சாமானின் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை என்று நினைத்தாள். பாவம்.

ஊர்க்கூட்டம் கூடியது. மாணிக்கம் ஆள் விட்டு அர்த்தனாரியை வரவழைத்திருந்தார். ஃபிட்டர் கிழிந்த தகட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மூட்டு விட்டுப் போயிற்று, தினம் தண்ணீர் ஊற்றித் தீயை அணைத்ததும் தினம் குலுங்கியதும்தான் காரணம், தன்னால் ஆனதை அன்றே சொல்லியாயிற்று என்றார். கூட்டம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டது.

பிறகு வெள்ளையன் பேசினார். "எத்தன நாளாத் துலுக்குச்சு? ஒரு நாளாச்சும் மாட்டேன்னு சொல்லுச்சா? அன்னிக்கு மட்டும் எதுக்குத் துலுக்கல? தீட்டு உள்ள இருந்துச்சு, அதான் துலுக்கல. தீட்டு வாயத் தொறந்துச்சு, வெடிச்சுருச்சு. இதுல பாய்லரு மேல என்ன குத்தம்?"

மாணிக்கத்தின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "வெடிச்சும் ஒரு உசுரைத் தொடலை பாருங்க. இத்தன பேரு இருந்தோம், ஒரு கீறல் உண்டா? காசு கொட்டி வாங்கற கம்பெனிப் பாய்லருக்கே இந்தக் குணம் வராது" என்றார்.

கூட்டம் தலையாட்டியது. குண்டன் நல்லவன் என்று தீர்மானமாகிக்கொண்டிருந்தது.

ஓரத்தில், பெண்களுக்கும் தள்ளி உட்காரவைக்கப்பட்டிருந்த மயிலம்மாள் எழுந்து நின்றாள். சாமி காரியத்தில் பொய் சொன்னவர்களை ஊர் விலக்கி வைத்துவிடும். நெருப்புக் கொடுக்க மாட்டார்கள், தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். 

"நான் தூரமில்லீங்க. பொய் சொன்னேன். வெள்ளப் புகை வந்துச்சு, வெடிக்கப் போகுதுன்னு தெரிஞ்சுது. மூடுங்கன்னு சொன்னேன், யாரும் கேக்கல. அதுக்குத்தான் அப்பிடிச் சொன்னேன். அன்னிக்குத் தீட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது தானாத்தான் வெடிச்சுது. எனக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க. அந்தச் சாமானை மட்டும் மறுபடி மலைக்குக் கொண்டாந்துராதீங்க."

அர்த்தனாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.  வெள்ளையன் அவளைக் கோபிக்கவில்லை. அவர் முத்தன் பக்கம் திரும்பினார்.

"பொம்பளைக எப்பவும் பயத்துல மாத்தி மாத்திப் பேசுவாங்க. நீ ஊட்டுக்காரன், உனக்குத் தெரியாம இருக்காது. சாமி அறியச் சொல்லு. அன்னிக்கு அவ தூரமா, இல்லியா?"

முத்தனுக்குத் தெரியும். குண்டன் வெடிப்பதற்கு முந்தின வாரம்தான் அவள் ஒதுங்கியிருக்கும் குடிசையிலிருந்து குளித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அன்றிரவு அவன்தான் அவளுக்குக் களி கிண்டிக் கொடுத்தான். அவன் மாணிக்கத்தைப் பார்த்தான். மாணிக்கம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூரந்தானுங்க" என்றான் முத்தன்.

அதோடு முடிந்தது. மயிலம்மாள் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. பரிகாரப் பூசை ஒன்று விதித்தார்கள். மாணிக்கத்தின் கொட்டகைக்கு முன்னால் ஒரு கல் நட்டு, அந்தக் கல்லைத் தாண்டி அவள் எந்த நாளும் வரக்கூடாது என்றும் விதித்தார்கள். கல்லுக்கு வெளியே அவள் என்ன சொன்னாலும், எந்த நிலையில் இருந்தாலும், அது உள்ளே நடப்பதைப் பாதிக்காது என்று பூசாரி சேர்த்துச் சொன்னார். அர்த்தனாரி எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மலை இறங்கிப் போனார்.

வீட்டில் முத்தன்தான் முதலில் பேசினான். "பொய்யின்னு ஒத்துக்கிட்டிருந்தா உன்னை ஊரை உட்டே தள்ளியிருப்பாங்க. உன்னைக் காப்பாத்தத்தான் சொன்னேன் மயிலு."

"என்னையா காப்பாத்துனீங்க? குண்டனையா?"

அவன் சுவரில் மாட்டியிருந்த நிஜாரை எடுத்து அதிலிருந்த மண்ணைத் தட்டினான். அவளுக்கு அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொண்டு கதற வேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் அடுப்பைப் பற்றவைத்தாள்.

மழை விட்டதும் மூன்று குண்டன்கள் காரவள்ளியிலிருந்து ஏறி வந்தன. தூக்கி வந்தவர்கள் இந்தத் தடவை திட்டவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். கொட்டகையைப் பெரிதாகக் கட்டி மூன்றையும் வரிசையாக நிறுத்தினார்கள். மூன்றுக்கும் முத்தனே பொறுப்பு. புல் மிதிக்க இரண்டு மடங்கு பெண்கள் வந்தார்கள். அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்தும் வந்தார்கள். குப்பாயி தன் மூத்த மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். கல்லைக் கடக்கும்போது அவள் மயிலம்மாள் பக்கம் திரும்பவில்லை.

முதல் நாள் காலையில் மூன்றுக்கும் திருநீறு பூசி மாலை போட்டார்கள். மயிலம்மாள் கல்லுக்கு வெளியே நின்றாள். அங்கிருந்து பார்த்தால் கொட்டகை வாசலும், உள்ளே முதுகுகளும், முத்தனின் காக்கி நிஜாரும் தெரிந்தன. பேச்சு கேட்கவில்லை. பூசாரி குடத்தை எடுத்தது தெரிந்தது.

முதல் குண்டனில் தொம் என்றது. கூட்டம் ஆரவாரித்தது. இரண்டாவதிலும் தொம் என்றது. மறுபடி ஆரவாரம்.

மூன்றாவதற்கும் ஊற்றினார்கள். ஆரவாரம் எழவில்லை. பூசாரி இன்னொரு குடத்தைத் தூக்கினார். கூரைமேல் மூன்று புகைக்குழாய்கள். இரண்டில் கரும்புகை போய்க்கொண்டிருந்தது.

"முத்தா!" என்று அவள் கத்தினாள். கல்யாணமானதிலிருந்து புருஷன் பேரைச் சொல்லாத வாய் அது. கொட்டகையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவள்தான் என்று தெரிந்ததும் மறுபடி உள்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். "நான் தூரமாயிட்டேன்! தூரமாயிட்டேன்!" என்று கத்தினாள். அதற்கு ஒருவரும் திரும்பவில்லை. முத்தன் மூன்றாவது குண்டனின் வயிற்றுக் கதவுக்கு நேராகக் குனிந்தான்.

மயிலம்மாள் கல்லைத் தாண்டி ஓடினாள்.